காதுக் கருவியிடம் எதை எதிர்பார்க்கலாம்?

கருவி கிடைத்துவிட்டால் காது பழையபடி கேட்கும் என்று எம்மிற் பலர் நம்புகிறோம். அதனாலேயே சில கிழமைகளில் கருவி லாச்சிக்குள் போய்விடுகிறது. பெரும்பாலும் அது பழுதாகியிருக்காது. நாம் அதனிடம் கேட்டதுதான் அளவுக்கு மிஞ்சியது.

உட்காதில் நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியை நரம்புக்குக் கொடுப்பவை அவையே. 2009 இல் முடிந்த யுத்தத்தின் ஷெல் வெடிப்புகளாலோ, வருடக்கணக்கான லாண்ட்மாஸ்டர் இரைச்சலாலோ, முதுமையாலோ அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நாற்று அழுகிய இடத்தில் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் பயிர் வராது; மிஞ்சிய நாற்றுக்கே தண்ணீர் உதவும். கருவியும் மிஞ்சிய கேள்விக்கே ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது. “சத்தம் கேட்குது, சொல் விளங்குதில்லை” என்று பெரியவர்கள் முறையிடுவது இதனால்தான்.

ஆனால் எல்லாச் செவிட்டுக்கும் கருவி தேவையில்லை. குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே போதும். வெடியில் கிழிந்த செவிப்பறையைச் சத்திரசிகிச்சையால் சீராக்க முடிவதுண்டு. சீழ் வடிந்தால் முதலில் வைத்தியம். ஆகவே காது, மூக்கு, தொண்டை வைத்தியரைக் கண்டு, கேள்விப் பரிசோதனை செய்தபின்பே கருவி. அயலவரின் கருவியை இரவல் வாங்கவே வேண்டாம். அது அவர் காதுக்கு அளவாக்கப்பட்டது.

முதல் நாட்களில் சொந்தக் குரலே பீப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். கரண்டிச் சத்தமும் காகம் கரைவதும் எரிச்சலூட்டும். பல வருடம் கேளாத ஒலிகளை மூளை மீண்டும் பழகவேண்டும். அமைதியான வீட்டில், ஒருவரோடு மட்டும் பேசி, தினம் ஓரிரு மணித்தியாலத்தில் தொடங்கி நேரத்தைக் கூட்டுங்கள். நன்கு பழகச் சில கிழமைகளோ இரண்டு மூன்று மாதங்களோ செல்லலாம். நோவு இருந்தாலோ சத்தம் தாங்கமுடியாவிட்டாலோ பொறுத்துக்கொண்டிராமல் திரும்பப் போய்ச் சரிசெய்யுங்கள். ஒரே நாளில் காதில் செருகி, படம் எடுத்து அனுப்பிவிடும் இலவச விநியோகங்களில் எமக்கு நம்பிக்கை குறைவு.

கல்யாண வீட்டிலும் சந்தையிலும் கஷ்டம் இருக்கத்தான் செய்யும். கருவி பேச்சோடு இரைச்சலையும் பெருக்குகிறது. புதிய கருவிகள் இரைச்சலை ஓரளவே குறைக்கின்றன. வீட்டார் ஒன்றிரண்டு மீற்றருக்குள் வந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசவேண்டும். கிணற்றடியில் நின்று கத்திவிட்டு, “கருவி போட்டும் கேட்கவில்லை” என்று அப்புவைக் கோபிப்பது நியாயமா?

செலவையும் முன்கூட்டியே விசாரியுங்கள். பொத்தான் பற்றறியின் ஒட்டுத்தாளை உரித்தவுடன் அது செலவாகத் தொடங்கிவிடும்; பொதுவாக ஒன்றிரண்டு கிழமைதான் வரும். நகரத்துக்குப் போகும் பஸ் காசும் இருக்கிறது. குளிக்கும்போது கருவியைக் கழற்றிவிடுங்கள். தோட்டத்தில் வேர்வை பட்டால் துடைத்து, இரவில் பற்றறிக் கதவைத் திறந்து உலரவிடுங்கள். பழைய பற்றறியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.