கேட்டுவிட்டுக் காத்திராத கணிப்பொறி

‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் கூடி வேலை செய்வதில் தொல்லையும் உண்டு என்பதை நாம் அறிவோம். ஒரே கரும்பலகையில் இருவர் ஒரே சமயத்தில் எழுதினால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார். பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும் கணிப்பொறிக்கும் இத்தொல்லை உண்டு.

ஒரு கணக்கில் 1000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நிரல் அதில் 500 ரூபாயும், மற்றொரு நிரல் 200 ரூபாயும் சேர்க்க வருகின்றன. இரண்டும் ஒரே நொடியில் ‘1000’ என்று படித்துக்கொள்கின்றன. முதல் நிரல் 1500 என்று எழுதுகிறது. அடுத்த நிரல் அதன்மேல் 1200 என்று எழுதிவிடுகிறது. 1700 இருக்க வேண்டிய கணக்கில் 500 ரூபாய் மாயமாகிவிட்டது! திருடியவர் எவருமில்லை, பொருள் மட்டும் காணோம். இதனைத் தவிர்க்க அறிஞர்கள் கண்ட வழிகளுள் ஒன்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஆக்டர் என்பது யாது?

1973-ஆம் ஆண்டில் கார்ல் ஹூவிட், பீட்டர் பிஷப், ரிச்சர்ட் ஸ்டைகர் என்னும் மூவர் ‘ஆக்டர்’ என்னும் முறையை வெளியிட்டனர். இதில் ஒவ்வொரு ஆக்டரும் நிரலின் ஒரு தனிப் பகுதி. அதன் கணக்கு அதனிடமே இருக்கும். வேறெவரும் அதில் கை வைக்க இயலாது. எது வேண்டுமானாலும் செய்தி அனுப்பித்தான் கேட்க வேண்டும். ஆக்டர் தனக்கு வரும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். செய்தியைக் கண்டதும் அது செய்யக்கூடியவை மூன்று: பிற ஆக்டர்களுக்குச் செய்தி அனுப்பலாம், புதிய ஆக்டர்களை உண்டாக்கலாம், அடுத்த செய்திக்கு எவ்வாறு நடந்துகொள்வது என்று முடிவு செய்யலாம். நம் கணக்கை ஓர் ஆக்டரிடம் ஒப்படைத்தால், 500-ஐச் சேர்த்து முடித்த பின்னரே 200-க்கான செய்தியை அது எடுக்கும். பணம் தொலையாது.

கேள்வியும் மறுமொழியும்

தொலைபேசியில் ஒன்றைக் கேட்டால், மறுமுனையில் பதில் வரும்வரை கருவியைக் காதில் வைத்துக்கொண்டே நிற்கிறோம். கடிதம் அவ்வாறன்று. எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். பதில் வரும்போது வரும். ஆக்டர்களின் பேச்சு கடிதப் போக்குவரத்தைப் போன்றது.

ஆனால் கடிதத்தில் இரண்டு விவரங்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, அனுப்புநர் முகவரி. அஃதின்றேல் பதில் எங்கே போகும்? மற்றொன்று, கேள்வியின் எண். ஒரு வகுப்பிலிருந்து நூலகத்திற்கு மூன்று துண்டுச் சீட்டுகள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ‘இருக்கிறது’, ‘இல்லை’, ‘இருக்கிறது’ என்று முன்பின்னாகப் பதில்கள் வந்தால், எந்த நூல் இல்லை என்று எப்படித் தெரியும்? சீட்டில் இட்ட எண்ணையே பதிலிலும் இட்டால் குழப்பமில்லை.

காத்து நிற்பதன் கேடு

முதல் ஆக்டர் இரண்டாவதிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, வேறெதையும் கவனியாமல் நிற்கிறது. இரண்டாவதோ, பதில் சொல்ல வேண்டிய விவரம் ஒன்றை முதலாவதிடமே கேட்டுவிட்டு அதுவும் நிற்கிறது. இரண்டு கேள்விகளும் பெட்டிகளில் கிடக்க, இரண்டு ஆக்டர்களும் அசையாமல் நிற்கும். நில்லாமல் தன் பெட்டியைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஆக்டருக்கு இந்த முடக்கம் நேராது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கேட்டபோது இருந்த நிலை, பதில் வரும்போதும் இருக்கும் என்று எண்ணலாகாது. ‘எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்டு, ‘1000’ என்று பதில் பெற்று, பிறகு 600 எடுக்கப் போனால், அதற்குள் வேறொருவர் எடுத்திருக்கலாம். ஆகவே ‘600 இருந்தால் கொடு, இல்லையேல் இல்லை என்று சொல்’ என ஒரே செய்தியாகக் கேட்பதே அறிவுடைமை.

மௌனத்தின் பொருள் என்ன?

பதிலே வராவிட்டால்? அதற்குக் காலக்கெடு வைக்கிறார்கள். எர்லாங் என்னும் கணிப்பொறி மொழியின் நூலகத்தில், நாம் வேறு கெடு குறிக்காவிட்டால், இத்தகைய கேள்விக்கு 5 நொடிகள்தாம் கெடு.

கெடு கடந்துவிட்டது; இனி என்ன செய்வது? இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. கேள்வி போய்ச் சேராமலிருக்கலாம். சேர்ந்தும் வேலை நடுவில் நின்றிருக்கலாம். அல்லது வேலை முழுவதும் முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே மௌனந்தான்! மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்திய பெற்றோருக்குப் பதில் வரவில்லை. நிரல் பதறிப்போய் அதே கட்டணத்தைப் புதிதாக மறுபடியும் அனுப்பினால், அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் இருமுறை போய்விடும். அனுப்பாமலே இருந்தாலோ சேர்க்கை தவறிப்போகலாம்.

இதற்குத் தீர்வும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. மறுமுறை அனுப்பும்போது பழைய எண்ணையே இட வேண்டும். பெறும் ஆக்டர், தான் முடித்த எண்களையும் அவற்றின் பதில்களையும் அழியாதபடி குறித்து வைத்திருக்கும். அதே எண் மீண்டும் வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாது. பழைய பதிலை மட்டும் திரும்ப அனுப்பும்.

நடைமுறையில்

ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் தொலைபேசி நிலையங்களுக்காக எர்லாங் மொழியை உருவாக்கத் தொடங்கினர். ஓர் அழைப்பில் கோளாறு நேர்ந்தால் மற்ற அழைப்புகள் அறுந்துவிடக் கூடாதல்லவா? தொலைபேசிக் காத்திருப்பைக் கணிதத்தால் ஆராய்ந்த டென்மார்க் அறிஞர் ஏ. கே. எர்லாங்கின் (1878–1929) பெயரையே அது தாங்கியிருக்கிறது. 1998-இல் அம்மொழி யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. நம் வீடுகளில் பயன்படும் வாட்ஸ்அப் அதைக் கொண்டே கட்டப்பட்டது. நாம் அனுப்பிய செய்திக்கு முதலில் ஒரு குறியும், போய்ச் சேர்ந்ததும் இரண்டாம் குறியும் தோன்றுவதை யாவரும் கண்டிருப்போம். ஒரு குறியோடு நிற்கும் செய்தி, உரியவரை இன்னும் அடைந்ததாகத் தெரியவில்லை என்றே பொருள்; அவர் நம்மைப் புறக்கணித்தார் என்பதன்று.

எனவே நிரல் எழுதப் பழகும் தோழியரே! கேட்கும்போது முகவரியும் எண்ணும் இட்டுக் கேட்போம். பதில் வரும்வரை பிறர் கேள்விகளுக்கும் செவி கொடுப்போம். மௌனத்தை மறுப்பென்று அவசரப்பட்டு முடிவு கட்டாதிருப்போம். கணிப்பொறிக்கென வகுத்த இவ்விதிகள் மனிதர்களாகிய நமக்கும் பொருந்துவனவே!

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு