எந்த கேம்ஷாப்ட் வாங்கலாம்? எக்ஸெல் சொல்லும் பதில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் புரோகிராமைத் திறந்து, மளிகைக் கணக்கை எழுதிக் கூட்டல் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். ஆனால் ஒர்க் ஷீட்டின் உண்மையான பயன் வேறு. ஒரு பொருளுக்குப் பணம் கொடுக்கும் முன், "இதை வாங்கினால் என்ன ஆகும்? அதை வாங்கினால் என்ன ஆகும்?" என்று அதனிடம் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு ஓர் எடுத்துக்காட்டை இங்கே பார்ப்போம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பர், 1970களில் வந்த செவர்லே பிக்கப் வண்டியின் 350 கன அங்குல வி8 இன்ஜினைக் குறைந்த செலவில் புதுப்பித்து வருகிறார். தினமும் வேலைக்குப் போய் வரும் வண்டி. கொஞ்சம் கூடுதல் சக்தியும் வேண்டும். காம்ப் கேம்ஸ் நிறுவனத்தின் நான்கு கேம்ஷாப்ட்களைக் குறித்து வைத்துக் கொண்டு, எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். அவருக்கு நான் தயாரித்து அனுப்பிய ஒர்க் ஷீட் தான் இது. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதைச் செய்திடலாம்.

கேம்ஷாப்ட் என்ன செய்கிறது?

இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இன்டேக் வால்வும், புகை வெளியேற எக்ஸாஸ்ட் வால்வும் உள்ளன. இவற்றைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது கேம்ஷாப்ட். நம் பைக் இன்ஜினிலும் இது உண்டு. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைக் கிராங்க் சுற்றும் டிகிரி கணக்கில் சொல்வார்கள். இதற்கு டியூரேஷன் என்று பெயர்.

டியூரேஷன் கூடினால் அதிக வேகத்தில் இன்ஜினுக்குள் அதிகக் காற்று போகும், சக்தியும் கூடும். அப்படியானால் இருப்பதிலேயே பெரிய கேமை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கே தான் சிக்கல். பிஸ்டன் கீழே போய் மீண்டும் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். அது மூடிய பிறகு தான் காற்று அழுத்தப்படும். பெரிய கேமில் வால்வு தாமதமாக மூடும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். சாலையில் ஓடும் வண்டி பெரும்பாலும் குறைந்த வேகச் சுற்றிலேயே இருப்பதால், நஷ்டம் நமக்குத் தான்.

ஒர்க் ஷீட் தயாரிப்போம்

கேமுடன் வரும் கேம் கார்டில் எல்லா எண்களும் இருக்கும். முதல் வரிசையில் தலைப்புகளைக் கொடுத்து, அடுத்த நான்கு வரிசைகளில் விவரங்களை டைப் செய்திடவும். ஏ காலத்தில் கேமின் பெயர், பி காலத்தில் இன்டேக் டியூரேஷன், சி காலத்தில் எக்ஸாஸ்ட் டியூரேஷன்:

எக்ஸ்.ஈ. 256: 256, 268
எக்ஸ்.ஈ. 262: 262, 270
எக்ஸ்.ஈ. 268: 268, 280
எக்ஸ்.ஈ. 284: 284, 296

டி காலத்தில் லோப் செபரேஷன். இது கேமின் இரண்டு மேடுகளுக்கும் இடைப்பட்ட கோணம். நான்கிற்கும் 110 தான். ஈ காலத்தில் இன்டேக் சென்டர்லைன். நான்கிற்கும் 106.

இனி ஃபார்முலாக்கள். செல் மற்றும் ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துக்களிலேயே டைப் செய்திட வேண்டும்.

எஃப்2 செல்லில் ஓவர்லேப், அதாவது இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் அளவு:
=(பி2+சி2)/2-2*டி2

ஜி2 செல்லில், பிஸ்டன் அடியைத் தொட்ட பிறகு எத்தனை டிகிரி கழித்து இன்டேக் வால்வு மூடுகிறது என்ற கணக்கு:
=பி2/2+ஈ2-180

ஹெச்2 செல்லில், வால்வு மூடிய பின் பிஸ்டன் ஏற வேண்டிய மீதித் தூரம். இந்த இன்ஜினில் கிராங்க் ஆரம் 1.74 அங்குலம், கனெக்டிங் ராடு 5.7 அங்குலம்:
=1.74+5.7-1.74*காஸ்(ரேடியன்ஸ்(180-ஜி2))-எஸ்க்யூஆர்டி(5.7^2-(1.74*சைன்(ரேடியன்ஸ்(180-ஜி2)))^2)

இதில் ஒன்றைக் கவனிக்கவும். எக்ஸெல் கோணங்களை டிகிரியில் எடுத்துக் கொள்ளாது. ரேடியனில் தான் எடுத்துக் கொள்ளும். ரேடியன்ஸ் என்ற ஃபங்ஷனை விட்டுவிட்டால் எக்ஸெல் எந்தப் பிழைச் செய்தியும் தராது. விடை மட்டும் தவறாக இருக்கும்.

அடுத்து கே1 செல்லில் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதமான 8.5 என்பதை டைப் செய்திடவும். ஜி.எம். நிறுவனம் 1971 மாடல்களில் இருந்து கம்ப்ரஷனைக் குறைத்ததால், நண்பரின் இன்ஜினிலும் இவ்வளவு தான். கே2 செல்லில் =3.48/(கே1-1) என்று கொடுக்கவும். 3.48 என்பது பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் முழுத் தூரம். ஐ2 செல்லில் உண்மையில் கிடைக்கும் கம்ப்ரஷன்:
=(ஹெச்2+$கே$2)/$கே$2

டாலர் குறி எதற்கு? ஃபார்முலாவைக் கீழே காப்பி செய்திடும்போது கே2 என்பது கே3, கே4 என்று மாறிவிடாமல் பூட்டி வைக்கத் தான். இப்போது எஃப்2 முதல் ஐ2 வரை செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்து 5ஆவது வரிசை வரை இழுக்கவும்.

விடை என்ன சொல்கிறது?

எக்ஸ்.ஈ. 256: ஓவர்லேப் 42, வால்வு மூடுவது 54, கம்ப்ரஷன் 7.33
எக்ஸ்.ஈ. 262: 46, 57, 7.20
எக்ஸ்.ஈ. 268: 54, 60, 7.06
எக்ஸ்.ஈ. 284: 70, 68, 6.66

கேம் பெரிதாகப் பெரிதாகக் கம்ப்ரஷன் குறைந்து கொண்டே வருவதைப் பாருங்கள். 284ஐப் போட்டால் சிக்னலில் இருந்து வண்டி சோம்பலாகத் தான் கிளம்பும். ஓவர்லேப் 70 டிகிரி என்பதால் ஐடிலிங்கில் இன்ஜின் தடதடக்கும். மேனிஃபோல்டில் வெற்றிடம் குறையும். பவர் பிரேக் அந்த வெற்றிடத்தை நம்பித் தான் வேலை செய்கிறது. எனவே இது பாதுகாப்பு பற்றிய விஷயமும் கூட.

இனி கே1 செல்லில் 8.5ஐ அழித்துவிட்டு 9.5 என்று டைப் செய்து என்டர் தட்டவும். 284க்கான கம்ப்ரஷன் 7.41 ஆக உயர்கிறது. அதாவது, 8.5 விகிதத்தில் சிறிய கேம் தருவதைப் பெரிய கேமிடம் பெற வேண்டுமானால் விகிதத்தை 9.5க்கு உயர்த்த வேண்டும். அதற்குப் பிஸ்டனையோ சிலிண்டர் ஹெட்டையோ மாற்ற வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் டார்க் கன்வர்ட்டரையும், வால்வு அதிகம் தூக்கப்படுவதால் ஸ்பிரிங்குகளையும் மாற்ற வேண்டி வரும். கேமின் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் பின்னால் வரும் செலவு தான் பட்ஜெட்டை விழுங்குகிறது.

நண்பரின் வண்டியில் சாதாரண டார்க் கன்வர்ட்டரும் பவர் பிரேக்கும் உள்ளன. பின் ஆக்ஸில் விகிதம் 3.08. எனவே 256ஐ வாங்கும்படி எழுதினேன். ஆக்ஸிலை 3.73க்கு மாற்றும் எண்ணம் இருந்தால் 262ம் சரிப்படும்.

சில எச்சரிக்கைகள்

* நிறுவனங்கள் டியூரேஷனை ஒரே மாதிரி அளப்பதில்லை. லிஃப்டர் எவ்வளவு தூக்கப்பட்ட நிலையில் அளக்கத் தொடங்குகிறார்கள் என்பது மாறுபடும். இரண்டு நிறுவனங்களின் கேம்களை ஒப்பிட, இரண்டின் கார்டிலும் உள்ள 0.050 அங்குல அளவை எடுத்துக் கொள்ளவும்.

* இந்தக் கணக்கு குறைந்த வேகச் சுற்றில் இன்ஜின் எப்படி இருக்கும் என்பதைத் தான் காட்டும். எத்தனை குதிரைத் திறன் கிடைக்கும் என்று சொல்லாது.

* கம்ப்ரஷன் விகிதத்தை ஊகித்து எழுதாமல், பிஸ்டனையும் ஹெட்டையும் அளந்து எழுதவும். தவறான எண்ணைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் தவறான விடையையும் இரண்டு தசம இடம் வரை துல்லியமாகக் காட்டும்!

* இவை ஃபிளாட் டேப்பட் வகை கேம்கள். புது கேமுடன் பழைய லிஃப்டர்களைப் பயன்படுத்தக் கூடாது.

இந்த ஒர்க் ஷீட்டை சேவ் செய்து வைத்துக் கொள்ளுங்கள். கிராங்க் ஆரம், ராடு நீளம், 3.48 என்ற தூரம் ஆகிய மூன்றையும் மாற்றினால் வேறு எந்த இன்ஜினுக்கும் இது பொருந்தும். இன்ஜினில் ஆர்வம் இல்லையென்றாலும் பரவாயில்லை. மாறக்கூடிய எண்ணைத் தனி செல்லில் வைப்பது, அதை டாலர் குறியால் பூட்டுவது, பிறகு மாற்றி மாற்றிப் பார்ப்பது. வீட்டுக் கடன் தவணை முதல் இன்வெர்ட்டர் பேட்டரி வரை, பணம் கொடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டிய கணக்குகளுக்கு இந்த வழியே போதும்.