பேருந்தோடு ஓடும் எழுத்து

வீடியோவில் பேருந்து ஒன்று ஓடிவருகிறது. அதன் பக்கவாட்டில் யாருமே எழுதாத வாசகம் ஒன்று ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. பள்ளத்தில் வண்டி இறங்கினால் தானும் இறங்கும், திரும்பினால் திரும்பும். ரீல்ஸ் போடுகிறவர்கள் இதை நொடியில் செய்துவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தையின் அடிப்படைக் கணக்குக்குப் பேருந்து என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்ததெல்லாம் வெளிச்சம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது மட்டும்தான்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில், அசைவைப் பின்தொடரும் டிராக்கரைத் திறந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெட்டிகள் வரும். உள்பெட்டிக்குள் இருக்கும் புள்ளிகள் (பிக்சல்கள்)தான் அடையாளம். அதை அடுத்த ஃப்ரேமில் எந்த எல்லைக்குள் தேடுவது என்று சொல்வது வெளிப்பெட்டி. முரட்டுத்தனமாகத் தேடினால் உள்பெட்டியை ஒவ்வோர் இடமாக வைத்து, புள்ளிக்குப் புள்ளி கழித்துப் பார்க்க வேண்டும். உள்பெட்டி 21-க்கு 21, வெளிப்பெட்டி 100-க்கு 100 என்றால் 6,400 இடங்கள், இடத்துக்கு 441 கழித்தல்கள். ஒரு ஃப்ரேமுக்கே 28 லட்சம்! நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 7 கோடி.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் புரூஸ் லூகாஸும் டகேயோ கனாடேயும் 1981-இல் இதற்கொரு குறுக்குவழி சொன்னார்கள். எழுத்து ஒட்டுவது அவர்கள் நோக்கமல்ல. இரண்டு கேமராக்களின் படங்களைப் பொருத்தித் தொலைவை அளக்கப் பார்த்தார்கள். படத்தில் வலப்பக்கம் போகப்போக, புள்ளிக்குப் புள்ளி வெளிச்சம் 10 குறைகிறது என்று வையுங்கள். அடுத்த ஃப்ரேமில் அதே இடத்தில் வெளிச்சம் 20 கூடியிருக்கிறது. அப்படியானால் படம் வலப்பக்கம் 2 புள்ளி நகர்ந்திருக்க வேண்டும். எங்கேயும் தேடவில்லை, வெளிச்சத்தின் சரிவை வைத்தே கணக்கு முடிந்துவிட்டது. நிஜப் படத்தில் சரிவு இவ்வளவு சீராக இருக்காது. அதனால் ஒருமுறை கணக்கிட்டுப் பெட்டியை நகர்த்தி, மறுபடி கணக்கிட்டு நெருங்குகிறார்கள். பாதிப் புள்ளி நகர்ந்தாலும் அகப்பட்டுவிடும். பெரிய தாவலாக இருந்தால் முதலில் படத்தைச் சுருக்கிக்கொள்வார்கள். எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய படத்தில் 40 புள்ளித் தாவல் வெறும் 5.

சரி, பெட்டியைப் பேருந்தின் எந்த இடத்தில் வைப்பது? பளிச்சென்று பெயின்ட் அடித்த தகடு கண்ணுக்கு அழகு, டிராக்கருக்கு உதவாது. அங்கே சரிவே இல்லை. கூரையின் நீண்ட விளிம்பில் வைத்தால் வண்டி மேலும் கீழும் குலுங்குவது தெரியும், ஆனால் பத்தடி முன்னே போனாலும் பெட்டிக்குள் அதே கோடுதான். ஜன்னல் சட்டத்தின் மூலைதான் சரியான இடம். இரண்டு திசையிலும் வெளிச்சம் மாறுகிறதே! 1994-இல் ஜியான்போ ஷியும் கார்லோ டொமாசியும் இதையே அளவுகோலாக்கினார்கள்: இரண்டு திசைகளில் எதில் மாற்றம் குறைவோ, அதுவும் போதுமானதாக இருந்தால்தான் அந்த இடம் தேறும். ஆனால் கண்ணாடியைப் பெட்டிக்குள் விட்டுவிடக் கூடாது. அதில் தெரியும் மரங்களின் பிம்பம் வண்டியோடு வராது, தன் போக்கில் போகும்.

ஒரு மூலையைப் பிடித்தால் எழுத்து கூடவே நகரும், அவ்வளவுதான். இரண்டைப் பிடித்தால் பெரிதாகி, சிறிதாகி, சாயவும் செய்யும். வண்டி வளைவில் திரும்பும்போது வாசகத்தின் ஒரு முனை குறுகி மறுமுனை விரிய வேண்டுமானால் நான்கு வேண்டும். மோக்கா என்ற மென்பொருள் தனித்தனி மூலைகளை நம்பாமல் பக்கவாட்டுப் பரப்பு முழுவதையும் ஒரே தளமாகப் பின்தொடர்கிறது. தட்டையான பொருளுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பேன்.

கோளாறுகளும் உண்டு. குறுக்கே ஒரு மின்கம்பம் வந்தால் போதும், பெட்டி பேருந்தை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அடையாளத்தைப் புதுப்பித்துக்கொண்டே போனால் சிறு பிழைகள் சேரும். புள்ளியில் பத்தில் ஒரு பங்கு ஒரே பக்கம் வழுவினால் 10 நொடியில் எழுத்து 25 புள்ளி தள்ளி நிற்கும். புதுப்பிக்காமல் விட்டாலோ, திரும்பிய வண்டி பழைய அடையாளத்தோடு ஒத்துப்போகாது. எடிட்டர்கள் நடுநடுவே கையால் இழுத்துச் சரிசெய்வது இதனால்தான்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் சில சமயம் வாசகம் ஸ்டிக்கர் போலத் துருத்திக்கொண்டு தெரியும். ஒரு ஃப்ரேம் பதிவாகும் இமைப்பொழுதிலும் பேருந்து நகர்ந்துகொண்டிருப்பதால் அதன் உருவம் சற்றே இழுபட்டு மங்கியிருக்கும்; கணினி வரைந்த எழுத்தோ கூர்மையாக நிற்கும். எனவே கடைசி வேலை, அந்த எழுத்தையும் அதே திசையில், அதே அளவுக்கு மங்கவைப்பது.