ஏற்றியதெல்லாம் இறங்க வேண்டும்! - பழைய பிக்-அப், பயண வண்டியாகும்போது…

தக்காளி ஏற்றிய வண்டியா, மீன் ஏற்றிய வண்டியா என்பதைப் பின்கதவைத் திறந்ததுமே மூக்கு சொல்லிவிடும். பழைய பிக்-அப் வாங்கப் போகிறவருக்கு முதல் சோதனை அதுதான். தக்காளி என்றால் கழுவிவிட்டுப் போகலாம். மீன் என்றால் விஷயம் நாற்றத்தோடு முடியாது. ஐஸும் உப்புத் தண்ணீரும் ஒழுகி ஒழுகி சேசிஸ் வரை துரு இறங்கியிருக்கும்.

முன்னால் நாலைந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி. சரக்கு ஏற்றுவதற்கென்றே இருந்த இந்த வண்டிகளை ஊர் சுற்றும் ஆசை உள்ளவர்களும் தேடிப் பிடிக்கிறார்கள். தொட்டியில் படுக்கை, பெட்டிக்குள் அடுப்பு, மேலே ஒரு கூடாரம். போகிற இடமெல்லாம் வீடு கூடவே வரும். யூடியூபில் பார்க்க எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது. பணத்தைப் போட்டு பட்டறையில் வேலையை முடித்த பிறகுதான் ஆர்.சி. புக்கும் எடைக் கணக்கும் குறுக்கே வந்து நிற்கும்.

எந்த வண்டி?

நம் நாட்டில் இந்த ரகத்தில் தேர்வு குறைவு. டாடா ஸெனான், மஹிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்அவே இரண்டும் நின்றுபோன மாடல்கள். விலை படியும், ஆனால் கதவுக் கண்ணாடி, விளக்கு போன்ற பாகங்களுக்கு அலைய வேண்டும். ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-ல் வந்தது. சொந்த உபயோக பிக்-அப் என்றாலே இன்று பலருக்கும் அதுதான் ஞாபகம் வரும். நீளம் கிட்டத்தட்ட 5.3 மீட்டர். வீட்டு போர்டிகோவை டேப் வைத்து அளந்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-ல்தான் வந்தது என்பதால், பழைய வண்டியும் புது வண்டி விலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

நம்பர் போர்டின் நிறத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளை போர்டு என்றால் கார் மாதிரி. மஞ்சள் போர்டு சரக்கு வண்டி என்றால், முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன்பிறகு வருடாவருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். இன்ஷூரன்ஸும் வேறு. 'சொந்த உபயோகத்துக்கு மாற்றித் தருகிறோம்' என்று புரோக்கர் சொன்னால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

வண்டியைப் பார்க்கும்போது பெயின்ட்டில் மயங்கக் கூடாது. தொட்டிக்குள் போட்டிருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கழற்றச் சொல்ல வேண்டும். துரு ஒளிந்திருப்பது அதற்கு அடியில்தான். வண்டிக்குக் கீழே படுத்து, பின்சக்கரப் பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு பட்டை சேர்த்திருந்தால், அது அதிக லோடு அடித்த வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் தொட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியாகக்கூட இருக்கலாம். மறுநாள் சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் 'லோ' கியர் விழுகிறதா என்று மண் தரையில் ஓட்டிப் பார்ப்பது அவசியம். வருடக்கணக்கில் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

டெல்லிப் பக்கம் பழைய டீசல் வண்டிகளுக்கு இருந்துவரும் கெடுபிடிகளால், அங்கிருந்து தெற்கே வரும் வண்டிகள் மலிவாகத் தோன்றும். என்.ஓ.சி., மறுபதிவு, இங்கே மீண்டும் கட்ட வேண்டிய சாலை வரி எல்லாவற்றையும் கூட்டினால் அந்த மலிவு பாதி கரைந்துவிடும். வங்கிக் கடன் பாக்கி, அபராத பாக்கி இரண்டையும் எம்-பரிவாகனில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டி கைக்கு வந்ததும் நேராக வெல்டிங் பட்டறைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் பாடி கட்டிப் பழகிய கைகளுக்கு ஒரு பிக்-அப் பெரிய வேலையே இல்லை. ஆனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று வைத்திருக்கிறது. நிரந்தரமாகக் கட்டிய பயண வீடு என்றால் அதற்கு மோட்டார் கேரவன்களுக்கான ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரநிலையே இருக்கிறது. தெருமுனைப் பட்டறையில் முடிகிற காரியமல்ல அது.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழலாம். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்க்க வரும் சர்வேயர், ஆர்.சி.யில் இல்லாத இரும்புக் கூரையைப் பார்த்தால் என்ன எழுதுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அனுபவசாலிகள் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். எதையும் வெல்டிங் செய்யாதே, எதையும் நிரந்தரமாக்காதே. படுக்கை மேடை, சமையல் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் தொட்டிக்குள் ஏற்றி பெல்ட் போட்டு இறுக்கிய சாமான்களாகவே இருக்க வேண்டும். ஊருக்கு வந்ததும் ஒரு மணி நேரத்தில் இறக்கினால், வண்டி மறுபடி பழைய பிக்-அப். ஃபைபர் கேனோபி எனப்படும் மூடி பொருத்த ஆசைப்பட்டால், வண்டி நிறுவனமே தரும் துணைப்பாகமா என்று பார்த்து, பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது உசிதம். முன்பக்க இரும்பு கார்டு வேண்டவே வேண்டாம். அதன்மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

இன்னொன்று. படுக்கை மெத்தென்று இருக்கிறதே என்று, வண்டி ஓடும்போது பிள்ளைகளைப் பின்னால் படுக்கவைக்கும் வழக்கம் கூடவே கூடாது. அங்கே சீட்டும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது.

எடை மேடையில் ஒரு நிமிடம்

ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். வெறும் வண்டியின் எடை ஒன்று, லோடோடு சேர்த்து அதிகபட்ச எடை மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கூடிய பாரம். ஏறி உட்காருகிற ஆட்களும் அதில் சேர்த்தி என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு தம்பதிக்கான கணக்கு இது: ஆட்கள் இருவர் 130 கிலோ. ஃபைபர் மூடி 70. மேடைக்கு 18 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு பலகை இரண்டு, 65. மேலே கூடாரம் 60. தண்ணீர் 40 லிட்டர், அதாவது 40 கிலோ. சாமானோடு சின்ன ஃபிரிட்ஜ் 25. பேட்டரி 12. டூல்ஸ், கயிறு, ஜாக்கி 30. துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு 40. கூட்டினால் 472 கிலோ! சில வண்டிகளுக்கு இதுவே எல்லையைத் தாண்டிய பாரம். இதில் மேடை, கூடாரம் இரண்டும் எதற்கு? படுப்பது ஓரிடத்தில்தானே. கூடாரத்தை விட்டுவிட்டு, பலகையை 12 மி.மீ.க்கு மாற்றி, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்தாலே 70 கிலோ வரை குறைந்துவிடும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ல் ஒரு ஜி.எம்.சி. பிக்-அப்பில் சின்ன அறை பொருத்தி, சார்லி என்ற நாயோடு நாட்டைச் சுற்றி வந்தார். டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரான 'ரோசினான்டே'தான் வண்டிக்கும் பெயர். படிக்காமல் விட்ட புத்தகங்களையே 150 பவுண்டு, அதாவது 68 கிலோ ஏற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறார் மனிதர். ஆரெகான் மாநிலத்தில் மழை நாளில் அதிக பாரத்தால் பின்டயர் வெடித்த கதையும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அந்த வண்டி இப்போது கலிஃபோர்னியாவின் சலீனாஸ் ஊரில் காட்சிக்கு நிற்கிறது. டயர் விஷயத்தில் புத்தகம் படித்தவரும் படிக்காதவரும் ஒன்றுதான்.

பாரம் எவ்வளவு என்பதோடு, எங்கே என்பதும் முக்கியம். தண்ணீர் கேனும் பேட்டரியும் கேபினை ஒட்டி, தரையோடு இருக்க வேண்டும். பின்சக்கரத்துக்கும் பின்னால் தள்ளி வைத்தால் முன்சக்கரம் லேசாகி, மலைப்பாதை வளைவில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது.

தொட்டிக்குள் தூக்கம்

நாலு கதவு பிக்-அப்பின் தொட்டி நீளம் சுமார் ஐந்து அடி. மனிதர் ஐந்தே முக்கால் அடி. மீதி முக்கால் அடிக்கு என்ன செய்வது? பின்கதவை இறக்கி, அதற்கு மேலும் மேடையை நீட்டி, கொசுவலையும் தார்ப்பாயும் கட்டுவதுதான் செலவில்லாத வழி. தொட்டிக்குள் புடைத்திருக்கும் சக்கர மேடுகளின் உயரத்துக்கு மேடை போட்டால் முழு அகலமும் படுக்கையாகும். அடியில் பெட்டிகள் போகும்.

மூடி போட்டவர்கள் முதல் மண் ரோட்டில் அதிர்ந்துபோவார்கள். போர்வையெல்லாம் செம்மண். பின்கதவின் இடுக்கு வழியாகப் புழுதி உள்ளே உறிஞ்சப்படும். இடுக்கெல்லாம் ரப்பர் பீடிங் ஒட்டினால் புழுதியும் மழையும் பெருமளவு நிற்கும். நம் ஊருக்கு ஹீட்டர் தேவையில்லை. இரண்டு பக்கமும் வலை அடித்த ஜன்னலும் 12 வோல்ட் ஃபேனும்தான் தூக்கம் தரும்.

கரன்ட்டுக்கு வண்டியின் பேட்டரியில் கை வைக்கக் கூடாது. காலையில் வண்டி எழுந்திருக்காது. தனியாக 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்று போதும். சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வெயில் நாளில் அதில் பாதியைத் தின்னும். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் ஏறக்குறைய 30 ஆம்பியர்-ஹவர் திருப்பித் தரும். ஆக, வண்டி ஓடாமல் நின்றால் நான்கு நாள் வரை தாங்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில், அதன் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருந்தாக வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் தீப்பிடிக்கும்.

மூடிய இடத்தில் நெருப்பு கூடாது

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகராவில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு, தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியதுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. குழு ஆய்ந்து சொன்னது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது.

இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது, குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பது, மழைக்காக மூடிக்குள் காஸ் பற்றவைப்பது மூன்றும் ஒரே ஆபத்துதான். சமையல் பின்கதவை இறக்கி வெளியே நின்றுதான். சிலிண்டர் ஐந்து கிலோ சின்னது போதும். வீட்டு சிலிண்டரை வண்டியில் கொண்டுபோகக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிட கனம், கசிந்தால் தொட்டித் தரையில், படுக்கைக்கு அடியில்தான் தேங்கும். 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டி எரிந்ததும் உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால்தான். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று படுக்கையின் தலைமாட்டில் இருக்கட்டும். ஃபிரிட்ஜைவிட அது முதலில் வாங்க வேண்டிய பொருள்.

எங்கே நிறுத்துவது?

காட்டுக்குள் நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்கும் படங்களெல்லாம் வேறு நாட்டுக் கதை. இங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக் காட்டில் தங்க முடியாது. பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தே கிடையாது. திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுத் தடை. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ். மிச்சம் இருப்பவை தோட்டக்காரர் அனுமதித்த தோப்பு, தங்குமிடங்களின் வளாகம், நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க். குடும்பமாகப் போகிறவர்களுக்கு பங்க்தான் வசதி. விளக்கு வெளிச்சம், ஆள் நடமாட்டம், கழிப்பறை, குடிநீர் எல்லாம் இருக்கும். டீசல் போட்டுவிட்டு மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

லே, லடாக் திட்டமெல்லாம் பிறகு. எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, லாரிகள் நிற்கும் எடை மேடையில் ஒரு முறை நிறுத்தி சீட்டு வாங்க வேண்டும். அடுத்து, வீட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் தெரிந்தவர் தோட்டத்தில் ஓர் இரவு. கொசுவலையில் எங்கே ஓட்டை, தலைப்பக்கம் சரிவா, நடுராத்திரி கழிப்பறைக்கு எப்படி இறங்குவது, எந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பதெல்லாம் விடிவதற்குள் தெரிந்துவிடும். திறக்காத பெட்டியைத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக இறக்கிவிடலாம்.