விலைக்கு வாங்கிய சங்கீதம்

கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்து ஓர் இசைத்தட்டை வாங்கி வருகிறோம். அதிலுள்ள பாட்டுகளைப் பிரயாணத்திலும் கேட்க ஆசைப்பட்டு வேறொரு கருவியில் பிரதி செய்துகொள்கிறோம். தட்டு நம்முடையது, கருவி நம்முடையது, கேட்கும் காதும் நம்முடையது. இதில் எவருக்கு என்ன நஷ்டம் என்றுதான் சாதாரண மனிதருக்குத் தோன்றும். இங்கிலாந்து தேசத்துச் சட்டத்துக்கு அப்படித் தோன்றவில்லை.

அங்கே நெடுங்காலமாக இத்தகைய பிரதி உரிமை மீறலாகவே இருந்து வந்தது. அதைச் செய்யாத வீடு அபூர்வம் என்பது வேறு விஷயம். ஊரெல்லாம் மீறுகிற சட்டம் சட்டத்துக்கே அழகல்லவென்று கண்ட பிரிட்டிஷ் சர்க்கார், சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம் என்று 2014 அக்டோபர் 1 முதல் விதி செய்தனர். சங்கீதத் துறையின் சங்கங்கள் மூன்று ஹைகோர்ட்டுக்குப் போயின. 2015 ஜூலை 17-ஆம் தேதி அந்த விதி ரத்தாயிற்று. ஒன்பதரை மாதம் வாழ்ந்த சுதந்திரம்!

சங்கங்களைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட நாம் தயாராக இல்லை. ஐரோப்பியச் சட்டப்படி, இவ்வித அனுமதி கொடுக்கும் அரசாங்கம் உரிமையாளருக்கு உண்டாகும் நஷ்டத்துக்கு ஈடு தேடித் தரவேண்டும். ஜெர்மனியில் 1965-லேயே பதிவுக் கருவிகளின்பேரில் ஒரு தொகை விதித்து, அதைப் பாட்டு இயற்றியவர் முதலானோருக்குச் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். பிரிட்டிஷ் சர்க்காரோ, பிரதி எடுப்பார்கள் என்பது விற்பனை விலையிலேயே அடங்கிவிட்டது, நஷ்டம் வெகு சொற்பம் என்று வாதித்தார்கள். நீதிபதி அதற்கு ருசு கேட்டார். இருந்த ருசு போதவில்லை.

நம் நாட்டுச் சங்கதி வேறு. 1914-ல் இங்கே வந்த பதிப்புரிமைச் சட்டம் இங்கிலாந்தின் 1911-ஆம் வருஷச் சட்டத்தின் பிரதிதான். (நாம் கேட்டு எடுத்த பிரதியன்று, அவர்களாகவே கொடுத்தது.) சுதந்திரம் வந்தபின் 1957-ல் நாமே ஒன்று இயற்றினோம். சொந்த உபயோகத்துக்காக நியாயமான முறையில் கையாளலாம் என்று அதன் 52-வது பிரிவில் ஒரு ஷரத்து உண்டு. அதிலும் ஒரு வேடிக்கை இருந்தது. நூல், நாடகம், சங்கீத அமைப்பு, சித்திரம் இவற்றைச் சொன்ன ஷரத்து ஒலிப்பதிவைச் சொல்லவில்லை. புதிதாக இயற்றிய கீர்த்தனத்தின் ஸ்வரத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள இடமுண்டு. அதைப் பாடிய தட்டைப் பிரதி செய்ய அந்த ஷரத்தில் இடமில்லை! 2012-ஆம் வருஷத் திருத்தம், கம்ப்யூட்டர் புரோகிராம் நீங்கலாக எல்லாப் படைப்புக்கும் அதை விரித்தது.

நியாயம் என்று சொன்ன சட்டம் எத்தனை பிரதி என்று எண்ணிச் சொல்லவில்லை. பல வீடுகளில் பரண்மேல் கச்சேரிக் காஸெட்டுகள் கிடக்கின்றன. நாடாவின் மேற்பூச்சு உதிர்கிறது. அதைச் சுழற்றும் பெட்டி கிடைப்பதும் அரிதாகிவிட்டது. அவற்றை ஒரு பிரதி செய்து காப்பாற்றிக்கொள்வது நியாயமே என்பது நம் கட்சி. கல்யாணத்துக்கு வந்தவர்க்கெல்லாம் தாம்பூலத்தோடு ஒரு பிரதி வழங்குவது சொந்த உபயோகமாகாது; அது வித்வானின் வயிற்றில் அடிப்பது.

இதற்குள் பாட்டை விற்பதே குறைந்து, மாதச் சந்தாவுக்குக் கேட்கவிடும் வழக்கம் பெருகிவிட்டது. சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். பிரதி எடுப்பதற்கு அங்கே நமக்கென்று தட்டுமில்லை, நாடாவுமில்லை.