நூலகத்தில் ஒரு மணித்தியாலம்



சென்ற மாத உரைக்குப் பிறகு ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். “எங்கட பிள்ளையளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கவே நேரம் காணாது. நீங்கள் ஆற்றையோ பிள்ளைக்குச் சும்மா போய்ப் படிப்பிக்கிறீங்கள். ஏன் அண்ணை?” என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

2024 மார்ச் 31ஆம் திகதிக் கணக்கின்படி இங்கிலாந்தில் 83,630 பிள்ளைகள் கவுன்சில்களின் பராமரிப்பில் இருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ப்புப் பெற்றோருடன். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் தனியே வந்து தஞ்சம் கோரிய பிள்ளைகள். “சோசல் பிள்ளையைக் கொண்டுபோயிடும்” என்று பயந்து பழகியவர்கள் நாங்கள். கொண்டுபோன பிறகு அந்தப் பிள்ளையின் கணிதமும் ஆங்கிலமும் என்னவாகிறது என்று விசாரிப்பதில்லை.

சட்டம் விசாரிக்கிறது. 2004ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் இப்பிள்ளைகளின் கல்வி முன்னேற்றத்தைக் கவுன்சில்களின் கடமையாக்கியது. 2007இல் பதினொரு கவுன்சில்களில் ‘வேர்ச்சுவல் ஸ்கூல்’ என்ற முறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. 2014இல் அது சட்டமாயிற்று. பெயரைக் கேட்டுக் கணினிப் பாடசாலை என்று நினைக்க வேண்டாம் (நான் நினைத்தேன்). அதற்குக் கட்டடம் கிடையாது. பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போனாலும் அவன் படிப்பைக் கண்காணிக்க ஒரு தலைமை அதிகாரி இருப்பார். தவணைக்கு ஒருதரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘பெப்’ எனப்படும் தனிக் கல்வித் திட்டத்தை மீளாய்வு செய்வார்கள். 2024-25 நிதியாண்டில் பிள்ளைக்கு 2,570 பவுண்ஸ் வீதம் அவர் பொறுப்பில் ஒதுக்கப்பட்டது. பாடசாலைக்குள்ளும் இதற்கென ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.

இத்தனையும் இருந்தும், ஒரே முகம் கிழமைதோறும் வருவது என்பது அரிது. அங்கேதான் தொண்டர்கள் வருகிறோம். கிளாஸ்கோவில் 2007இல் ஒரு பாடசாலையில் தொடங்கிய எம்.சி.ஆர். பாத்வேஸ் இதைத்தான் செய்கிறது: கிழமைக்கு ஒரு மணித்தியாலம், பாடசாலைக்குள்ளேயே, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். லண்டனில் 1973இல் ஆரம்பித்த வாசிப்புத் தொண்டு அமைப்பு, இன்று கோரம் பீன்ஸ்டோக் என்ற பெயரில், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளோடு இருந்து வாசிக்கிறது.

என்னிடம் வருபவன் பத்தாம் ஆண்டு மாணவன். தமிழ்ப் பிள்ளை அல்ல. இது அவனுக்கு நான்காவது வளர்ப்பு வீடு. முதல் மாதம் எனக்குத் தலை சுற்றியது. பைதகரஸ் தேற்றம் தண்ணீர்பட்ட பாடு. அரையைக் காலால் வகு என்றால் முழிப்பான். பிறகுதான் விளங்கியது. தேற்றத்தை இரண்டு பாடசாலைகளில் இரண்டு தரம் படித்திருக்கிறான். பின்னங்களைப் படிப்பித்த கிழமைகளில் அவன் ஒரு பாடசாலையிலும் இல்லை, வீடு மாறிக்கொண்டிருந்தான். இது மொக்குத்தனம் இல்லை, ஓட்டை. ஓட்டை எங்கே என்று தேட, பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆள் வேண்டும். முப்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ரீச்சரைக் குறை சொல்லமுடியாது.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. பின்ன அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை இருந்தேன். அடுத்த கிழமையும் அப்படியே. திடீரென்று வீடு மாற்றப்பட்டு, இரண்டு ரயில் தள்ளிப் போய்விட்டான். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. புது வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு பாடசாலை பார்ப்போம் என்று பேச்சும் நடந்திருக்கிறது. ஆனால் 2010ஆம் ஆண்டின் பராமரிப்பு விதிகளில் ஒரு காப்பு உண்டு. பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளையின் படிப்பைக் குழப்பும் இடமாற்றத்துக்கு, அவசர நிலைமை தவிர, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பொறுப்பாசிரியை அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பாடசாலை மாறவில்லை.

மூன்றாம் கிழமை கதவடியில் வந்து நின்றான். “இன்னும் வாறீங்களா?” என்று மட்டும் கேட்டான். நான் அட்டைகளை எடுத்தேன். அன்று பின்னம் ஒன்றும் படிக்கவில்லை, சும்மா இருந்தோம்.

தொண்டராக விரும்புவோர் பாடசாலையையோ கவுன்சிலின் வேர்ச்சுவல் ஸ்கூலையோ கேட்கலாம். டி.பி.எஸ். சான்றிதழ் எடுக்க வேண்டும். தொண்டர்களிடம் அரசு அதற்குக் கட்டணம் எடுப்பதில்லை. பிறகு பயிற்சி. பிள்ளை ஏன் பராமரிப்புக்கு வந்தது என்று கேட்கக்கூடாது. வீட்டுக்குக் கூப்பிடக்கூடாது, தொலைபேசி இலக்கம் மாற்றக்கூடாது. ஆபத்தான விஷயம் ஏதும் சொன்னால், “ஒருவருக்கும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காமல் பாடசாலையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். சாப்பிட்டியா என்று கேட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து பழகியவர்கள் நாங்கள். ஒரு வருடமாவது தொடர முடியாதென்றால் தொடங்கவேண்டாம்.

அந்தத் தாயாருக்கு: 1986இல் பதினாறு வயதில் நான் இங்கே தனியே வந்து ஹொஸ்டலில் இருந்தேன். ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார அம்மா வியாழன்தோறும் வந்து ஆங்கிலம் சொல்லித்தந்தார். அவர் பெயர் மறந்துபோயிற்று. கொண்டுவரும் பிஸ்கற் ரின்னின் நிறம் மறக்கவில்லை.

மேலும் விபரம் கேட்க நிலையத்துக்கு அழையுங்கள். செவ்வாய் பிற்பகல் மட்டும் நான் இருக்கமாட்டேன்.