எட்டு கிலோ மூட்டை, ஒரு கைவண்டி, 2,000 கிலோமீட்டர்!

ஆளுக்கு 17 பவுண்டு. நம் கணக்கில் எட்டு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. மாற்றுத்துணி, போர்வை, பாத்திரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதை ஒரு மரவண்டியில் ஏற்றி, மாடோ குதிரையோ இல்லாமல் தாங்களே இழுத்துக்கொண்டு 2,000 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 1856-ல் அமெரிக்காவின் அயோவா சிட்டியிலிருந்து கிளம்பிய மார்மன் குடும்பங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை இது.

யார் இந்த மார்மன்கள்? 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய புதிய கிறிஸ்தவப் பிரிவினர். தங்களுக்கென்று தனி வேதநூல், தனி தீர்க்கதரிசி என்று இருந்தார்கள். போகும் இடமெல்லாம் கூட்டமாக நிலம் வாங்கினார்கள், சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். அக்கம்பக்கத்தாருக்குப் பொறுக்கவில்லை. 1838-ல் மிசௌரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், இவர்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று எழுத்திலேயே உத்தரவு போட்டார். மத சுதந்திரத்தை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த நாட்டில்! அந்த உத்தரவு முறைப்படி ரத்தானது 1976-ல்தான்.

அடுத்து இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்ற நகரத்தை எழுப்பினார்கள். அங்கும் நிம்மதி இல்லை. 1844-ல் சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணன் ஹைரமையும் ஒரு கும்பல் உள்ளே புகுந்து சுட்டுக் கொன்றது.

அடுத்த தலைவரான பிரிகாம் யங், அமெரிக்க எல்லைக்கு வெளியே போய்விடுவது என்று முடிவெடுத்தார். 1846 பிப்ரவரி குளிரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கத் தொடங்கி, 1847 ஜூலையில் முதல் குழு சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது. அப்போது அது மெக்சிகோவின் மண். மறு வருடமே அது அமெரிக்கா கைக்கு வந்துவிட்டது! ஆள் இல்லாத இடம் என்று சொல்லிவிடவும் முடியாது. யூட், ஷோஷோனி பழங்குடிகள் வேட்டையாடி வாழ்ந்த நிலம் அது. ஒருவருடைய புகலிடம் இன்னொருவருக்கு இழப்பானது.

பிறகு இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் மதம் மாறிய ஏழைகள் கப்பலேறி வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கடன் கொடுக்க ஒரு நிதி இருந்தது. 1855-ல் வறட்சியும் வெட்டுக்கிளியும் விளைச்சலை அழிக்க, நிதி வறண்டது. மாட்டுவண்டிக்குப் பணம் இல்லாததால் கைவண்டி என்ற யோசனை வந்தது. திட்டம் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் முன்னதாகக் கிளம்பிய மூன்று குழுக்கள் அக்டோபர் தொடக்கத்துக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டன.

கடைசி இரண்டு குழுக்களுக்குத்தான் எல்லாம் தாமதமானது. கப்பல் தாமதம், வண்டிகளும் தயாராக இல்லை. அவசரத்தில் காயாத மரத்தில் செய்த சக்கரங்கள் வெயிலில் சுருங்கி உடைந்தன. ஆகஸ்டில் ஃபுளோரன்ஸ் என்ற இடத்தில் கூடிப் பேசினார்கள். அந்த வழியை அறிந்த லீவை சாவேஜ் என்பவர், இப்போது கிளம்பினால் மலையில் பனி பிடித்துக்கொள்ளும், முதியவர்களும் குழந்தைகளும் சாவார்கள் என்று எச்சரித்தார். அவருக்கு நம்பிக்கை குறைவு என்று தலைவர்கள் கண்டித்தார்கள். பெரும்பாலோர் போகலாம் என்றே கை தூக்கினார்கள். மாற்றுக்கருத்துக்காக ஊர் ஊராக விரட்டப்பட்ட கூட்டம், தங்களுக்குள் எழுந்த ஒரு மாற்றுக்குரலைக் கேட்கவில்லை. சாவேஜ் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகவில்லை. தப்பு என்று தெரிந்தும் உங்களோடு வருகிறேன், தேவைப்பட்டால் சேர்ந்தே சாகிறேன் என்று வண்டிகளோடு நடந்தார்.

அக்டோபரில் இன்றைய வயோமிங் பகுதியில் பனி கொட்டியது. மாவு தீர்ந்துகொண்டிருந்தது. சுமை குறைக்க வழியில் போர்வைகளையும் துணிகளையும் எறிந்துவிட்டிருந்தார்கள். ஓர் இடத்தில் 13 பேரை ஒரே குழியில் புதைக்க வேண்டியிருந்தது.

தகவல் அக்டோபர் 4-ம் தேதிதான் சால்ட் லேக்கை எட்டியது. மறுநாள் சபை கூட்டத்தில் பிரிகாம் யங், முதலில் அவர்களைக் கூட்டி வாருங்கள், இன்றைய பிரசங்கம் அதுதான் என்கிற ரீதியில் பேசினார். இரண்டே நாளில் மாவும் துணியும் ஏற்றிய வண்டிகள் கிளம்பின. கடைசிக் குழு நவம்பர் 30-ம் தேதி ஊருக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. இன்று இவர்களுக்குச் சுட்ட உருளைக்கிழங்கும் பாலும்தான் வேண்டும், ஜெபம் அந்த இடத்தை நிரப்பாது என்று சொல்லி, யங் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய ஆயிரம் பேர். இறந்தவர்கள் 200-க்கும் மேல்.

பிழைத்தவர்களில் ஒருத்தி, இங்கிலாந்திலிருந்து வந்த நெல்லி என்ற பத்து வயதுச் சிறுமி. அப்பாவும் அம்மாவும் வழியிலேயே இறந்துபோனார்கள். பனியில் கருகிப்போன அவள் கால்களை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். பின்னாளில் சீடர் சிட்டியில் குடும்பம் நடத்தி, ஆறு பிள்ளைகள் பெற்றாள். முழங்காலாலேயே நடந்து வீட்டு வேலை செய்தாள், ஊராரின் துணிகளைத் துவைத்துச் சம்பாதித்தாள். அந்த ஊர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் இன்று அவளுக்குச் சிலை இருக்கிறது.